மகாவித்துவானின் நிழலில் வளர்ந்த தமிழ்த் தாத்தா

தமிழ்த் தாத்தா என்று சிறுவர் முதல் பெரியோர் வரை அனைவரும் உரிமையோடு அழைக்கும் பெருமகனார் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவார். சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்டு அச்சில் ஏற்றித் தந்தவர் அவர் என்பது தமிழ்ப் பள்ளியில் பயின்ற எவரும் அறிந்த செய்தியே. அப்பெருந்தொண்டைப் பற்றிப் பலரும் பலபட எழுதியுள்ளனர். ஆயின் அத்தொண்டு தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்னர், பதினாறு வயதில், வறுமையையும் தமிழ் வேட்கையையும் தவிர வேறொன்றும் இல்லாதவராய், ஒரு புலவர் பெருமானின் இல்லத்து வாயிலில் தந்தையாரோடு வந்து நின்ற இளைஞரைப் பற்றி நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவரை ஏற்று ஆதரித்த திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களையோ இன்று பலர் மறந்தே போயினர். திருக்கோயில் மலர் ஒன்றில் அவ்விருவரையும் சேர்த்து நினைவுகூர்வது பொருத்தமே. பிள்ளையவர்கள் பாடியவற்றுட் பெரும்பகுதி திருக்கோயில்களையும் அவற்றில் எழுந்தருளியுள்ள இறைவன் இறைவியரையும் பற்றியதாகும்.

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். அந்நாளைய தஞ்சை மாவட்டத்திலே பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்தம் முன்னோர் ஊர். தந்தையார் வேங்கட சுப்பையர் இசையிலே வல்லவர். இராமாயணக் கீர்த்தனைகளைப் பாடிப் பொருள் சொல்லியும், செல்வர் தரும் சிறு சிறு உதவிகளைப் பெற்றும் குடும்பம் நடத்தியவர். ஓரூரில் நிலைத்திருக்க இயலாத வாழ்க்கை அது. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. மகனையும் தம்மைப் போலச் சங்கீத வித்துவானாக ஆக்கிவிட வேண்டும் என்பதே தந்தையாரின் எண்ணம். மகனுடைய மனமோ தமிழிலே சென்று பதிந்துவிட்டது.

அரியலூரில் சடகோபையங்கார் என்பவரிடம் தமிழ்ச் சுவையை முதன்முதலாக அறிந்தார். பின்னர் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கற்றார். சென்ற இடமெல்லாம் தமிழ் அறிந்தோர் யாராயினும் அவரை அணுகி ஒரு நூலேனும் பாடம் கேட்டார். ஆனால் அவ்வாசிரியர்கள் யாவரும் ஓர் எல்லைக்கு மேல் செல்ல இயலாதவர்கள். அதனை மறைக்காமல் சொல்லும் பெருந்தன்மையும் உடையவர்கள். மேலும் கற்க விரும்பினால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே செல்ல வேண்டும் என்று அவர்கள் கூறினர். இவ்வாறு, நேரிற் காண்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, அப்புலவரின் திருப்பெயர் அவ்விளைஞர் உள்ளத்தில் தெய்வத்தின் பெயர் போல இடம்பெற்றுவிட்டது.

அந்நாளில் பிள்ளையவர்களின் புகழ் சோழ நாடெங்கும் பரவியிருந்தது. 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலே பிறந்தவர் அவர். இளமையில் தந்தையாரை இழந்து, வறுமையோடு போராடியே கல்வி கற்றவர். எங்கே யார் எந்த நூலை அறிந்தவர் என்று கேள்விப்பட்டாலும் தேடிச் சென்று வணங்கிக் கேட்டவர். திருச்சியில் பிச்சை ஏற்று உண்டு திரிந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரம் அறிந்தவர் என்று தெரிந்ததும், அவர் பின்னே சென்று, அவருக்கு வேண்டிய பணிவிடைகளைச் செய்து, அந்நூலைப் பாடம் கேட்டார் என்பது அவர் வரலாற்றில் காணப்படும் செய்தி. கல்வியைப் பெறுவதற்காகத் தாம் பட்ட பாட்டைத் தம்மிடம் வருவோர் படலாகாது என்று அவர் கருதினார் போலும்! மாணாக்கரிடம் ஒரு காசும் வாங்காமல், உடன் வைத்துச் சோறிட்டுப் பாடம் சொல்வதையே வாழ்க்கையாகக் கொண்டார். சாதியோ சமயமோ அவருடைய பள்ளிக்குத் தடையாக இருந்ததில்லை. கிறித்தவரான சவேரிநாத பிள்ளை அவருடன் மகனைப் போலவே வாழ்ந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலர் என்ற இசுலாமியப் புலவரும் அவரிடம் பயின்றவரே. இந்நாவலர் பின்னாளில் பினாங்குத் தமிழரோடு தொடர்பு கொண்டு வித்தியா விசாரிணி என்ற இதழின் ஆசிரியராக விளங்கினார் என்பது நம் நாட்டினர் அறிந்து மகிழத்தக்கது.

திருவாவடுதுறை ஆதீனம் பிள்ளையவர்களுக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்து, ஆதீன வித்துவானாகக் கொண்டது. ஊர்தோறும் அன்பர்கள் அழைத்துச் சென்று தங்கள் ஊர்த் திருக்கோயிலுக்குத் தலபுராணம் பாடுமாறு வேண்டினர். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும், பத்துப் பிள்ளைத்தமிழ்களையும், அந்தாதி, கலம்பகம், கோவை முதலாய பல பிரபந்தங்களையும் அவர் இயற்றினார். அவற்றுள் ஒன்று திருநாகைக்காரோணப் புராணம். நாகப்பட்டினத்துக் காயாரோகணேசுவரர் திருக்கோயிலைப் பற்றியது. நம் முன்னோர் பலர் அத்துறைமுகத்திலே கப்பலேறித்தான் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தனர். ஆதலால் அந்நூலின் பெயரைக் கேட்கும்போது நமக்குத் தனியானதோர் உணர்ச்சி உண்டாவது இயல்பே.

1871ஆம் ஆண்டில் வேங்கட சுப்பையர் மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் சென்றார். அங்கேதான் அப்போது பிள்ளையவர்கள் குடியிருந்தார். பலகாலம் மனத்தாலே வழிபட்டு வந்த புலவரை நேரிற் கண்டபோது இளைஞருக்கு உடல் நடுங்கிற்று, நாக்குக் குழறிற்று. ஆயினும் கேட்டவற்றுக்கு விடை கூறினார். தாம் கற்ற நூலிலிருந்து பாடலும் சொன்னார். பிள்ளையவர்கள் அன்போடு கேட்டார். எனினும் உடனே இசைந்துவிடவில்லை. தம்மிடம் வருவோர் பலர் சில நாளிருந்து விட்டுச் சொல்லாமலே போய்விடுவதையும், அவ்வாறு போனவர்களும் தம் மாணாக்கர் என்று வெளியே சொல்லிக்கொள்வதையும் அவர் எடுத்துரைத்தார். நிலைத்திருந்து கற்பவராயின் கற்பிப்பதில் தமக்குத் தடையில்லை என்றார். அடுத்து உணவுப் பிரச்சினை எழுந்தது. அக்கால வழக்கப்படி அந்தணச் சிறுவன் அவர் இல்லத்தில் உண்ண இயலாது. திருவாவடுதுறையிலோ பட்டீச்சுரத்திலோ தாம் தங்கும் காலங்களில் உணவுக்கு ஏற்பாடு செய்து விடலாம் என்றும், மாயூரத்தில் அதற்கு வசதியில்லை என்றும் அவர் வருத்தத்தோடு கூறினார். எப்பாடு பட்டேனும் மாயூரத்துச் செலவைத் தாமே பார்த்துக்கொள்வதாகத் தந்தையார் சொன்னார். மகனுக்குச் சங்கீதமே வேண்டும் என்று விரும்பிய அதே தந்தையார்தாம் இவ்வாறு சொன்னவர் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய இயற்பெயர் வேங்கடராமன். வீட்டிலே சாமிநாதன் என்றும் அழைப்பது உண்டு. பெயரைக் கேட்ட பிள்ளையவர்கள், வேறு பெயர் ஏதேனும் உளதோ என்று வினவி, முருகப் பெருமானுக்குரிய சாமிநாதன் என்னும் பெயரே தமக்கு விருப்பமானது என்று கூறி அப்படியே அழைக்கலானார். இன்று உலகம் அறிந்திருக்கும் பெயர் அவ்வாறு ஆசிரியர் வாய்மொழியால் நிலைத்ததேயாகும்.

பாடம் கேட்கத் தொடங்கிய புதிதில் இளைஞருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிள்ளையவர்கள் நேரே பாடம் சொல்லாமல், மூத்த மாணாக்கர் சவேரிநாத பிள்ளையைக் கொண்டு சொல்லச் செய்தார். அவரும் அன்போடுதான் கற்பித்தார். ஆயினும் கடலருகே வந்தும் கிணற்று நீரையே பருகுவது போன்ற ஏக்கம் இளைஞரை வாட்டியது. ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேட்கவோ அச்சம். அந்நிலையிலே அவருக்கு வழி காட்டியது ஒரு தோட்டம்.

பிள்ளையவர்கள் தம் வீட்டின் பின்புறத்தில் மரஞ்செடிகளை வைத்து வளர்ப்பதில் மிக்க விருப்பம் உடையவர். புதிதாக நட்டவை துளிர்த்துள்ளனவா என்று விடியற்காலையில் எழுந்து சென்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவர் வழக்கம். இதனைக் கவனித்த சாமிநாதையர், அவருக்கும் முன்னதாக எழுந்து தோட்டத்திற்குச் சென்று எந்தக் கிளையில் எத்தனை தளிர் புதிதாக அரும்பியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் அவற்றைச் சுட்டிக் காட்டுவார். அந்தப் பெரும்புலவர் குழந்தையைப் போல மகிழ்வார். இப்படிச் சில நாள் சென்ற பின்னர், ஆசிரியர் மனம் மலர்ந்திருந்த ஒரு காலை நேரத்தில், அவரிடமே நேரில் பாடம் கேட்க வேண்டும் என்ற தம் ஆசையை மாணாக்கர் மெல்ல வெளியிட்டார். பிள்ளையவர்கள் அதற்கு இசைந்து அப்பொழுதே பாடம் சொல்லத் தொடங்கிவிட்டார். தளிர்களை ஆராய்ந்த அந்தக் காலைப் பொழுதுகளைச் சாமிநாதையர் எண்பது வயதைக் கடந்த பின்னரும் மறவாது தம் சரித்திரத்தில் விரித்து எழுதியுள்ளார்.

பிறகு மடை திறந்த வெள்ளம்தான். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், கலம்பகங்கள் என்று நூல் நூலாக ஓடின. திருநாகைக்காரோணப் புராணத்தை அதனை இயற்றிய கவிஞரின் வாயிலிருந்தே பாடம் கேட்டார். ஒரு நூலைப் பாடிய புலவரே அதன் பொருளை உரைக்கக் கேட்பது எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. பிள்ளையவர்கள் மாணாக்கரைக் கடிந்து பேசியறியாதவர். தவறாகப் பொருள் சொன்னாலும் முகம் சுளிக்காமல் சரியான பொருளைச் சொல்லிவிட்டு மேலே செல்வார். செய்யுள் இயற்றப் பழகுவோருக்கு ஒரு சீரை மாற்றி, ஓர் அசையைத் திருத்தி, அச்செய்யுளையே அழகுடையதாக்கி, அது மாணாக்கர் பாடியது என்றே பிறரிடம் சொல்லி மகிழ்வார்.

ஒரே ஒரு வகையில் அவர் கண்டிப்புக் காட்டினார் எனலாம். மாயூரத்தில் அப்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்து வந்தார். தந்தையாரின் விருப்பப்படி சாமிநாதையர் அவரிடம் இசை பயின்றுவந்தார். ஆனால் அதனை ஆசிரியரிடம் தெரிவிக்கவில்லை. பாரதியார் வாயிலாகவே அச்செய்தி பிள்ளையவர்களுக்கு எட்டியது. இசையில் மனம் சென்றால் இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. அதனை அவர் குறிப்பாக உணர்த்தியதும், மாணாக்கர் இசைப் பயிற்சியை நிறுத்திவிட்டார். இக்காலத்தார்க்கு இது மிகையாகத் தோன்றலாம். அவ்வாசிரியரே இசையின்முன் தோற்றுப்போன நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. நந்தனார் சரித்திரத்திற்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை வந்தபோது, அதில் இலக்கண வழுக்கள் உள்ளன என்பதால் பிள்ளையவர்கள் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனையைத் தாமே உருகிப் பாட, உள்ளே இருந்து கேட்ட பிள்ளையவர்கள் கண்ணீர் பெருக்கி வெளியே வந்தார். பாயிரச் செய்யுளும் பாடி அளித்தார். சாமிநாதையரோ பிற்காலத்தில் பாரதியாரின் வரலாற்றையும் நூலாக எழுதி இசைக்கும் தம் கடனைச் செலுத்தினார்.

பின்னர் ஆசிரியரோடு திருவாவடுதுறை சென்ற சாமிநாதையர், அங்கே ஆதீனத் தலைவராக விளங்கிய மேலகரம் சுப்பிரமணிய தேசிகரின் அன்புக்கும் உரியரானார். வடமொழி, தென்மொழி, இசை ஆகிய மூன்றிலும் வல்ல வித்துவான்களை ஆதரித்த பெருவள்ளல் அவர். மடத்திலே குமாரசாமித் தம்பிரான் முதலியோருக்குப் பிள்ளையவர்கள் பாடம் சொன்னபோது சாமிநாதையரும் உடனிருந்து கேட்டார். உண்பதற்கும் உறங்குவதற்கும் இனிக் கவலையில்லை. இங்கே அவருக்கு அம்மை கண்டது. ஆசிரியர் பதைபதைத்துப் போனார். பக்குவமாகச் சூரியமூலையிலிருந்த தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். நலம் பெற்று மாணாக்கர் திரும்பி வந்தபோது அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பிள்ளையைப் பெற்ற தந்தையின் மகிழ்ச்சியாகவே இருந்தது.

பிள்ளையவர்கள் புராணம் இயற்றும் முறையையும் அருகிருந்து காணும் பேறு சாமிநாதையருக்குக் கிட்டியது. மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறைக்குப் புராணம் பாட ஆசிரியர் சென்றபோது அவரும் உடன் சென்றார். ஆசிரியர் வாய் செய்யுளைச் சொல்லிக்கொண்டே செல்லும். மாணாக்கர் கை எழுத்தாணியால் ஏட்டில் எழுதிக்கொண்டே செல்லும். யோசித்துத் தடுமாறுவது என்பது அப்புலவரிடம் இல்லை. எழுதுவோர் கைதான் சோரும். பிற்காலத்தில் எத்தனையோ ஏடுகளைப் படித்துச் சிக்கறுத்த கண்ணுக்கும் கைக்கும் இங்கேதான் முதற் பயிற்சி கிடைத்தது. ஆனால் அவ்வூரிலே சாமிநாதையருக்குக் காய்ச்சல் கண்டு, ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. திருமணத்திற்காகத் தந்தையார் பட்ட கடனும் சேர்ந்துகொள்ளவே, சில மாதங்கள் ஆசிரியரைப் பிரிந்து, காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணம் படித்துப் பொருள் சொல்லிப் பணம் ஈட்ட வேண்டியதாயிற்று. நிலைத்திராமற் போய்விடும் மாணாக்கரைப் பற்றி ஆசிரியர் முதல் நாளிலே சொன்னது அவர் நெஞ்சை உறுத்தியிருக்க வேண்டும். கடன் தீர்ந்ததும் அவர் ஆசிரியரிடமே திரும்பிச் சென்றார்.

மாணாக்கரைக் காத்த அப்பெருமானின் வறுமையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பிரபுக்களும் மடாதிபதிகளும் அளித்த பொருள் அவர் கையில் தங்கியதே இல்லை. வருவோர்க்கெல்லாம் சோறு, மாணாக்கர்க்கு ஏடும் உடையும், மிஞ்சியது கடன். மாயூரத்தில் ஒருநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்காக அவர் அமர்ந்திருந்தார். எண்ணெய் வரவில்லை. கேட்டுக்கொண்டே, பாடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே எண்ணெய் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. அருகிருந்த சாமிநாதையர் நிலைமையை உணர்ந்தார். தம் செலவுக்கென வைத்திருந்த சிறு தொகையை எடுத்துக்கொண்டு விரைந்து கடைக்கு ஓடி எண்ணெய் வாங்கி வந்து, ஆசிரியர் அறியாவண்ணம் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டார். எண்ணெய் வந்தது, ஆசிரியர் நீராடினார். தமிழ்நாட்டின் தலைசிறந்த புலவர் என்று யாவரும் கொண்டாடிய ஒருவரின் வீட்டிலே நிகழ்ந்தது இது! புலவர்களைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் நம் சமுதாயம் இன்றும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி.

1876ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிள்ளையவர்களின் உடல்நிலை தளர்ந்தது. திருவாவடுதுறையில் அவர் நோய்ப்படுக்கையில் இருந்தார். பிப்ரவரி 1ஆம் நாள், இறுதி நெருங்கிய வேளையில், திருவாசகத்தைக் கேட்க விரும்பினார். சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டார். சாமிநாதையர் கண்ணீருக்கிடையே அடைக்கலப் பத்தைப் படித்தார். அதனைக் கேட்டவாறே மகாவித்துவானின் ஆவி பிரிந்தது. கிறித்தவ மாணாக்கர் ஒருவர் தாங்க, அந்தண மாணாக்கர் ஒருவர் மணிவாசகர் வாக்கை ஓத, சைவப் பெரும்புலவர் ஒருவர் சிவனடி சேர்ந்த காட்சி அது.

அப்போது சாமிநாதையருக்கு வயது இருபத்தொன்று நிரம்பவில்லை. ஆசிரியரிடம் பயின்ற காலம் ஏறத்தாழ ஐந்தாண்டு. ஆதரவற்று நின்றவரைச் சுப்பிரமணிய தேசிகர் கைவிடவில்லை. தாமே பாடம் சொன்னார். மடத்தில் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பையும் கொடுத்தார். குடியிருக்க வீடும் அமைத்துத் தந்தார். நான்காண்டுகள் அவ்வாறு கழிந்தன. பின்னர்ப் பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கரும், கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியருமான தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் காலம் வந்தது. அவ்வேலையை நாடியவர் பலர். செட்டியாரோ திருவாவடுதுறைக்கே வந்து, தம் இடத்திற்குச் சாமிநாதையரை அனுப்பித்தர வேண்டும் என்று தேசிகரைக் கேட்டார். பிரிய மனமின்றியே தேசிகர் இசைந்தார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் திங்களுக்கு 50 ரூபாய் ஊதியத்தில் சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரானார். ஆசிரியர் மறைந்த பின்னும் அவருடைய அன்பு மூத்த மாணாக்கர் வழியாக வந்து உதவியது என்றே அவர் கருதினார். பிற்காலத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாங்கிய இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டதன் காரணம் இதுவே.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததும், தாம் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலை அவர் பொருட்படுத்தாமல் சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என்று வினவியதும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். அதனால் இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமுமே தமிழ் என்று இருந்த உலகத்தில் பயின்றவர் அவர். அதற்கு முற்பட்ட பேருலகம் ஒன்று உண்டு என்று தெரிந்தபோது தம் ஆசிரியரை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சைன அன்பர்களிடம் சென்று பணிந்து கேட்டார். சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிக்கலாமா என்று சிலர் குறை கூறியதையும் பொருட்படுத்தவில்லை. பரதேசியிடம் தண்டியலங்காரம் கேட்டவரின் மாணாக்கர் அல்லரோ!

சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலிலே ஏடுகள் மிகுதியாக உள்ளன என்று கேள்வியுற்று ஆவலோடு சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட வேண்டும் என்று ஆகமத்தில் உள்ளதாகக் கூறி, அவ்வாறே எரித்துவிட்டதாக அங்கிருந்தவர் தெரிவித்தார். அவர் உள்ளம் எவ்வளவு புண்பட்டிருக்கும்! திருக்கோயில் நிருவாகத்தில் உள்ளோர், பழைய பதிவேடுகளையும் மலர்களையும் புகைப்படங்களையும் இடம் போதவில்லை என்று அப்புறப்படுத்த முற்படும்போது, கரிவலம்வந்தநல்லூரைச் சற்றே நினைத்துக்கொள்வது நல்லது.

1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். 1906இல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயர் பட்டம் அளித்தது. அப்போது மகாகவி பாரதியார் வாழ்த்துக் கவிதை பாடினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. இத்தனை சிறப்புகளுக்கு இடையிலும் தம் நெஞ்சில் அவர் வைத்திருந்த வேலை ஒன்று இருந்தது. ஆசிரியர் பாடிச் சிதறிக் கிடந்த சிறு நூல்களைத் திரட்டி 1910இல் பிரபந்தத் திரட்டாக வெளியிட்டார். ஆசிரியரின் வரலாற்றுக்கான செய்திகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்தார். ஆசிரியரோடு பழகியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். அவர்களைத் தேடிக் கேட்டும், கடிதங்களையும் தனிப்பாடல்களையும் தொகுத்தும் எழுதி, மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அவருக்கு அப்போது எண்பது வயது நெருங்கியிருந்தது. தமிழில் ஒரு புலவரின் வரலாறு இவ்வளவு விரிவாக அதற்கு முன் எழுதப்பட்டதில்லை என்பது நம் துணிபு. தலபுராணங்களை இன்று படிப்பார் அரியர். ஆனால் அச்சரித்திரத்தைப் படிப்போர், பிள்ளையவர்களைத் தம் வீட்டுப் பெரியவராகவே உணர்வர்.

அதன் பிறகே தம் வாழ்க்கையை எழுத அவர் இசைந்தார். என் சரித்திரம் என்னும் அத்தொடர் 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. அதிலும் பெரும்பகுதியை ஆசிரியரே எடுத்துக்கொண்டார். ஐந்தாண்டுக் குருகுல வாழ்வு ஐம்பதாண்டு வாழ்வினும் நீண்டு நிற்கிறது. 1942இல் போர் அச்சத்தால் சென்னை மக்கள் நகரை விட்டு வெளியேறியபோது, முதுமையில் அவரும் திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கே ஏப்ரல் 28ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்து அப்போது பத்து வாரம் கடந்திருந்தது. மலாயாத் தமிழர் உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்த நேரம்.

என் சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியோடு முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. 1950இல்தான் அது நூல் வடிவம் பெற்றது. ஆசிரியரின் சரித்திரமோ இரண்டு பாகமும் நிறைவெய்தி, எழுதியவர் கண் முன்னரே அச்சாகி வெளிவந்திருந்தது.